ஹேண்ட் பிரேக் டிரம்மும் ஓர் ஆயில் சீலும்: பழைய லாரிக்கு அடியில் மூன்று நாள்

வண்டி தானாக நகர்ந்தது ஒரு முழம்கூட இருக்காது. சரிவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஒரு காலைத் தரையில் வைத்தேன். லாரி மெல்ல என்னோடு வந்தது. பாய்ந்து ஏறி மிதித்து, முதல் கியரில் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

திடீரென்று வந்த கோளாறு இல்லை இது. ஒரு வருஷமாகவே லிவர் மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. இழுக்கும்போது லிவர் தாண்டும் பற்களில் நாலைந்தாவதில் பிடிக்க வேண்டியது பத்தைத் தாண்டிவிட்டது. ஏறும்போதெல்லாம் நான் செய்தது ஒன்றே ஒன்று: கேபிள் நட்டை இரண்டு சுற்று முறுக்கிவிடுவது. கை அடக்கமாக இருக்கும், நாலு நாள் கழித்துப் பழைய கதைதான்.

இந்த லாரியில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸின் வால் பக்கம், பின் சக்கரங்களுக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம். லிவரை இழுத்தால் அந்த டிரம் நிற்கும், அதனால் ஷாஃப்ட் நிற்கும், அதனால் சக்கரம் நிற்கும். பழைய லாரிகளிலும் சில ஜீப் வகை வண்டிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு. சின்ன டிரம் இவ்வளவு பெரிய வண்டியைப் பிடிக்கும் ரகசியம், ஷாஃப்டின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலில் இருக்கிறது. என் வண்டியில் ஷாஃப்ட் ஏறக்குறைய நாலு சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. டிரம்மின் பிடி அதே விகிதத்தில் பெருகிச் சக்கரத்துக்குப் போகிறது. நல்ல நிலையில் இருந்தாலும் பற்சக்கரப் பற்களுக்கு நடுவே இருக்கும் சிறு இடைவெளியால் (பிளே) வண்டி லேசாக அசைந்துவிட்டுத்தான் நிற்கும். அந்த அசைவு வேறு, நான் பார்த்தது வேறு.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன், இதில் உயிர் போகும் இடம் இதுதான். புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிய நிமிஷம் வண்டிக்கு ஹேண்ட் பிரேக்கும் கிடையாது, கியரும் கிடையாது. இரண்டும் ஷாஃப்டுக்கு முன்னால் இருப்பவை. ஷாஃப்ட் போனால் பின் சக்கரங்கள் தன்னிச்சையாக உருளும். ஷாஃப்ட் இருக்கும்போதும் ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால் இந்த வகை பிரேக் வண்டியைப் பிடிக்காது. தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்ற, தரையில் இருப்பது எதிர்த்திசையில் உருளும். டிஃபரன்ஷியலின் குணம் அது. எனவே சமதளம், நான்கு மூலையிலும் முன்னும் பின்னும் கட்டை, பிறகுதான் படுத்தேன். அடியில் போதுமான இடம் இருந்ததால் ஜாக்கியே தொடவில்லை. உதவிக்கு வந்த மச்சான், “எட்டுக் கட்டையா? லாரியைக் கட்டிப் போடப் போறீங்களா மாமா?” என்று சிரித்தான். சிரிக்கட்டும்.

முன்னேற்பாடாக இன்னொன்றும் செய்தேன். முந்தின நாள் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, சூடாக இருக்கும்போதே கியர் பாக்ஸில் எண்ணெய் மட்டம் பார்க்கும் லெவல் பிளக்கைத் திறந்தேன். ‘புஸ்’ என்று காற்று வந்தது. வரக் கூடாது. இதற்குப் பின்னால் வருகிறேன்.

ஷாஃப்டின் முனையில் போல்ட் போடும் தட்டிலும் (பிளேஞ்ச்) டிரம்மிலும் உளியால் ஒரே நேரில் கோடு போட்டுவிட்டு நான்கு போல்ட்டையும் எடுத்தேன். பேலன்ஸ் செய்த ஷாஃப்ட், இருந்த இடத்திலேயே திரும்ப உட்காருவது நல்லது. கழற்றிய முனையைக் கம்பி போட்டு சேசிஸில் கட்டித் தொங்கவிட்டேன். அதன் எடை முழுவதும் மறுமுனை மூட்டில் இருக்கும் சிலுவைத் துண்டில் (யூஜே கிராஸ்) விழுந்தால் கிராஸ் போய்விடும். என் கிராஸ் எப்படியும் போய்விட்டிருந்தது, ஒரு கப்பைத் திறந்தால் கிரீஸ் இல்லை, செங்கல் பொடி போலத் துரு. அதையும் மாற்றினேன், அதற்குத் தனிக் கதை இல்லை.

டிரம்மைக் கியர் பாக்ஸ் பக்கத்துப் பிளேஞ்சோடு பிடித்திருப்பவை தட்டைத் தலை ஸ்குரூ இரண்டு. வருஷக்கணக்கில் சூடு பட்டுப் பட்டு இறுகிப்போனவை. ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருகத் தொடங்கினால் காடி சிதைந்து வேலை இரட்டிப்பாகும். முதலில் தலையில் ஓர் இரும்புப் ‘பஞ்ச்’ கம்பியை வைத்து நறுக்கென்று நாலு அடி, பிறகு இம்பாக்ட் ஸ்குரூ டிரைவரைச் சுத்தியலால் தட்டினேன். ஒன்று வந்தது. மற்றது வரவில்லை. அதன் தலையை டிரில் செய்து எடுத்தேன். டிரம் வந்த பிறகு மிஞ்சி நின்ற தண்டை வைஸ் கிரிப் வைத்துத் திருப்பினால் விரலால் திருப்பினதுபோல வந்தது. தலையில்தான் பிடிப்பெல்லாம்.

டிரம்மில் மரை போட்ட இரண்டு துளைகள் எதிரெதிராக இருக்கும். அதில் போல்ட் முடுக்கினால் போல்ட் பிளேஞ்சில் முட்டி டிரம்மை வெளியே தள்ளும். ஒரு பக்கம் அரைச் சுற்று, மறுபக்கம் அரைச் சுற்று. ஒரு நூல் அளவு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் முடுக்கியிருந்தால் டிரம் காது உடைந்திருக்கும். காரணம் எளிது: டிரம் தேயும்போது விளிம்பில் ஒரு வரப்பு மிஞ்சும், டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ அந்த வரப்புக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். அட்ஜஸ்டரைப் பின்னோக்கித் திருப்பி ஷூவைச் சுருக்கினால்தான் டிரம் வரும். அட்ஜஸ்டரோ துருவில் செத்துக் கிடந்தது. துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு அன்றைக்குக் கடையை மூடினேன். மறுநாள் காலை மறுபடி அடித்து, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து, பதினொரு மணிக்கு அது ‘டக்’ என்றது. டிரம் கையோடு வந்தது.

உள்ளே நான் எதிர்பார்த்தது தூசி. இருந்ததோ களி. ஷூவின் மேல் உராய்வதற்காக ஒட்டியிருக்கும் லைனிங்கின் தூளும் கியர் ஆயிலும் குழைந்து, அடியில் அரை அங்குலத்துக்கு அப்பியிருந்தது. கியர் ஆயிலில் இருக்கும் கந்தகத்தின் நாற்றம் மூக்கில் ஏறியது. ஷூ இரண்டும் கறுத்து, ஈரமாகப் பளபளத்தன. டிரம்மின் உள்முகத்தைத் துடைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பாதி வட்டம் கண்ணாடி போல மின்னியது, மீதியில் நீலம் பாரித்த திட்டுகள், அவற்றைச் சுற்றி நகத்தால் மட்டும் உணரக்கூடிய மெல்லிய வெடிப்பு. விளிம்பில் வரப்பு.

டிரம்மின் வெளிமுகத்தில் அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டத்தை வார்ப்பிலேயே எழுதியிருப்பார்கள். துருவைச் சுரண்டிப் படித்தேன். புதிதில் 254 மில்லிமீட்டர், அதிகபட்சம் 255.5. வெர்னியரை ஒரு திசையில் வைத்தால் 255.8, குறுக்கே வைத்தால் 256.2. அளவும் தாண்டிவிட்டது, வட்டமும் போய்விட்டது. “லேத்ல ஒரு கட் எடுத்தா போதாதா?” என்றான் மச்சான். லேத்தில் எடுத்தால் இன்னும் பெரிதாகத்தானே ஆகும். எழுதிய எல்லையைத் தாண்டிய டிரம் இரும்புக் கடைக்குத்தான். புதியது சொல்லி வைத்தேன்.

நிற்கும்போது மட்டும் பிடிக்கும் பிரேக்கின் டிரம் ஏன் தேய வேண்டும் என்ற கேள்வி இங்கே வர வேண்டும். தேயக் கூடாதுதான். தேய்ந்திருந்தால் ஓடும்போது ஷூ உரசியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டயரின் சுற்றளவு இரண்டரை மீட்டர் என்றால், 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 266 சுற்று சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல நாலு மடங்கு, ஆயிரத்துக்கு மேல். லிவரை ஒரு பல் இறக்காமல் ஓட்டினாலே அத்தனை சுற்றும் ஷூவின்மேல்தான். நீலத் திட்டு அந்தச் சூட்டின் கையெழுத்து. என் விஷயத்தில் இன்னொரு குற்றவாளியும் இருந்தான்: கேபிளை முறுக்கி முறுக்கி, லிவர் முழுசாக இறங்கிய நிலையிலும் ஷூ டிரம்மைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி செய்துவைத்தது நானே.

ஷூவைப் பற்றி. எண்ணெய் குடித்த லைனிங்கைக் கழுவிப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல வருஷம் முன்பு இதே வண்டியில் பெட்ரோலில் ஊறவைத்து, நெருப்பில் காட்டி, எமரி தேய்த்துப் போட்டவன் நான். ஒரு வாரம் பிரமாதமாகப் பிடித்தது. அப்புறம் சூடு ஏற ஏற, உள்ளே ஊறியிருந்தது திரும்ப மேலே வந்துவிட்டது. லைனிங் பஞ்சு போன்றது, மேலே காய்ந்தாலும் நடுவில் ஈரம் போகாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கவும் வாய்ப்புண்டு. காற்றடித்துத் தூசி கிளப்புவது, உலர்ந்த பிரஷால் தட்டுவது இரண்டும் கூடாது. பொடித்தூசி வடிகட்டும் முகமூடி போட்டு, ஈரத்துணியால் வழித்து, துணியோடு பையில் கட்டிவிட்டேன்.

இப்போது முக்கியமான சங்கதி. டிரம்மும் ஷூவும் மாற்றினால் பிரேக் பிடிக்கும், எத்தனை நாளுக்கு? எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புது ஷூ போடுவது, ஒழுகும் கூரைக்கு அடியில் புதுப் பாய் விரிப்பது மாதிரி. எண்ணெய் கசியாமல் சுற்றி அடைக்கும் ரப்பர் உதடு வைத்த வளையம், அதாவது சீல், போய்விட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். கியர் பாக்ஸின் வாலில் எண்ணெய் வெளியே வர வழிகள் பல: சீலின் உதட்டுக்கும் பிளேஞ்சுக்கும் நடுவே, சீலின் வெளி வட்டத்துக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே, ஹவுசிங்கின் கேஸ்கெட் வழியே, அப்புறம் பலர் மறந்துவிடும் வழி, ஷாஃப்டில் கோத்துக்கொள்ளும் பிளேஞ்சின் உள் வரிப் பற்கள் வழியாக ஊர்ந்து நடு நட்டுக்கு அடியில். எல்லாவற்றையும் டீசலில் கழுவி, காயவைத்து, கியர் பாக்ஸிலிருந்து வெளிவரும் ஷாஃப்டைக் கையால் சுற்றிவிட்டு அரை மணி காத்திருந்தேன். சீலுக்குக் கீழே ஈரம் படர்ந்தது, அது தெரிந்த விஷயம். நடு நட்டின் வாஷரைச் சுற்றியும் ஒரு மெல்லிய ஈர வளையம். போன தடவை சீல் மாற்றியும் ஏன் நிற்கவில்லை என்பதற்கு அதுதான் பதில்.

நட்டின் உதட்டை ஷாஃப்டின் பள்ளத்துக்குள் தட்டி மடித்திருப்பார்கள். மெல்லிய உளியால் அதை நிமிர்த்திவிட்டு, ஓர் ஆங்கிள் இரும்பைப் பிளேஞ்சின் இரண்டு துளைகளில் போல்ட் போட்டு, மறுமுனையை சேசிஸில் முட்டவைத்தேன். சாக்கெட், அதற்கு நீளக் கைப்பிடி, அதற்கு மேல் ஒரு மீட்டர் பைப். நட்டு இளகும்போது வெடிச் சத்தம் கேட்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உடையவில்லை. பிளேஞ்சை எடுக்க புல்லர்தான். சுத்தியலால் அடித்தால் அந்த அடி நேராக பேரிங்கில் போய் இறங்கும்.

பிளேஞ்ச் வந்ததும் ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. இருந்திருந்தால் சீல் போட்டுப் பயனில்லை, ஆடும் ஷாஃப்டைப் புதிய சீலின் உதடும் தொடர்ந்து தழுவிக்கொண்டிருக்காது. பேரிங்கில் கை வைக்க வேண்டியிருக்கும். தப்பித்தேன்.

பழைய சீலின் முகத்தில் இரண்டு சின்னத் துளை போட்டு, ஸ்குரூவை ஏற்றி, ஸ்குரூவைப் பிளையரால் இழுத்தேன். நெம்புகோலால் கிண்டினால் ஹவுசிங்கின் உட்சுவரில் கீறல் விழும், அந்தக் கீறலே நாளைக்கு எண்ணெய்க்கு வாய்க்கால். எடுப்பதற்கு முன் அது எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருந்தது என்று அளந்து குறித்துக்கொண்டேன். சீலின் மேல் மூன்று எண் இருக்கும்: முதலாவது ஷாஃப்டின் விட்டம், அடுத்தது வெளிவிட்டம், மூன்றாவது தடிமன். 50-70-10 என்றால் அந்த வரிசை. ரப்பர் உதட்டை நகத்தால் அழுத்தினேன், நகம் பதியவில்லை. கட்டைபோல இறுகியிருந்தது.

பிளேஞ்சின் பளபளப்பான கழுத்தை ஒரு துணியால் துடைத்து, நகத்தை மெல்ல நெடுக ஓட்டினேன். ஓரிடத்தில் நகம் இறங்கி ஏறியது. சீலின் உதடு அத்தனை வருஷம் ஒரே இடத்தில் உரசியதால் விழுந்த பள்ளம். ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்றால், ரப்பரில் ஒட்டிய மண் தேய்க்கும். கண்ணுக்கு வெறும் கோடுதான். இந்தக் கோட்டின்மேல் எவ்வளவு நல்ல புதுச் சீல் போட்டாலும் ஒழுகும். மூன்று வழி உண்டு: புதுப் பிளேஞ்ச், சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி உதடு பள்ளத்தைத் தாண்டி உட்காரும்படி செய்வது, அல்லது கழுத்தின்மேல் மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றுவது. ஸ்லீவின் தடிமன் கால் மில்லிமீட்டர் போலத்தான் இருக்கும், அதனால் சீலின் அளவை மாற்ற வேண்டியதில்லை. நான் ஸ்லீவ் போட்டேன். கூட வரும் கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்து, நேராக, சீராகத் தட்ட வேண்டும். கோணலாகப் போனால் தகடு மடங்கிவிடும், பிறகு அது குப்பை.

அடுத்து என் அசட்டுத்தனம். புதுச் சீலின் ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும், அதைச் சரியாகவே வைத்தேன். வெளிவிட்டத்துக்கு ஏற்ற ஒரு பைப் துண்டை வைத்து, சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். அழகாக உட்கார்ந்தது. பிளேஞ்சை எடுத்து ஏற்றினேன். உதட்டுக்குக் கிரீஸ் தடவ மறந்துவிட்டேன். ஏற்றும்போது கையில் ஒரு சின்ன உதறல் தெரிந்தது. சந்தேகப்பட்டு வெளியே எடுத்தால், உதடு உள்ளுக்குள் மடிந்து, முடிபோன்ற அந்தச் சுருள் கம்பி தன் இடத்தை விட்டு வெளியே வந்து தொங்கியது. பத்து நிமிஷம் வயதான சீல் போயிற்று. மச்சான் ஒன்றும் பேசவில்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். கூடுதலாக ஒரு சீல் வாங்கி வைத்திருந்ததால் அன்றைய வேலை நிற்கவில்லை. இரண்டாவதில் உதட்டுக்குக் கிரீஸ், ஸ்லீவின் முனையில் பிசிர் இல்லையா என்று விரலால் தடவிச் சோதனை, சுற்றியபடியே மெல்ல ஏற்றம்.

நட்டைப் போடும் முன் வரிப் பற்களை எண்ணெய் இல்லாமல் துடைத்து, பிளேஞ்சின் வெளிமுனைப் பக்கம் உள்ள பற்களிலும் வாஷரின் அடியிலும் கசிவை அடைக்கும் பசையான சீலண்டை மெல்லிசாகத் தடவினேன். உள்பக்கம் நிறையத் தடவினால் அது பிதுங்கிக் கியர் பாக்ஸுக்குள் போகும். புது நட்டு, வண்டியின் கையேட்டில் சொன்ன முறுக்கு விசை (டார்க்), பிறகு உதட்டைப் பள்ளத்துக்குள் மடித்துத் தட்டியாயிற்று. இந்த நட்டை உத்தேசமாக இறுக்காதீர்கள். சில கியர் பாக்ஸில் பேரிங்கின் இறுக்கமே இதைப் பொறுத்துத்தான்.

அந்த ‘புஸ்’ சத்தத்துக்கு வருவோம். கியர் பாக்ஸின் மேலே சுண்டுவிரல் பருமனில் ஒரு பிரீதர் இருக்கும். ஓடி ஓடிச் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று அந்த வழியாகப் போக வேண்டும். என்னுடையதில் குளவி கூடு கட்டினதுபோல மண் இறுகியிருந்தது. காற்றுக்குப் போக இடமில்லை, சீலின் உதட்டைத் தூக்கிக்கொண்டு எண்ணெயோடு வெளியே வந்திருக்கிறது. கழற்றிக் கழுவி, வாயால் ஊதிப் பார்த்துப் போட்டேன். மொத்த வேலையிலும் அஞ்சு நிமிஷம் பிடித்தது இதுதான், முதலில் செய்திருக்க வேண்டியதும் இதுதான்.

ஷூ மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை, கழற்றும் முன் போனில் படம் எடுத்து வைத்திருந்தால். ஸ்பிரிங்குகளையும் புதிதாகவே போட்டேன், சூட்டில் வெந்த ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுக்காது. ஷூ உரசும் தட்டின் மேடுகளில் சூடு தாங்கும் கிரீஸ் துளித் துளியாக. லைனிங்கைக் கிரீஸ் கையால் தொடக் கூடாது என்பதால் இந்தக் கட்டத்துக்கு மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன்.

புது டிரம்மின் உள்முகத்தில் துருப் பிடிக்காமல் இருக்க ஓர் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்தேன். மாட்டிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை ‘சர்க்’ என்று உரசல். டிரம் கோணலாக உட்கார்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தால், நடுத் துளையின் உள்விளிம்பில் பெயின்ட் கட்டி. எமரியில் தேய்த்ததும் டிரம் பிளேஞ்சில் சப்பென்று உட்கார்ந்தது, உரசலும் போயிற்று.

அட்ஜஸ்ட்மென்ட்டில் வரிசை முக்கியம். கேபிளை முழுசாகத் தளர்த்திவிட்டு, முதலில் ஷூ. டிரம் கையால் சுற்ற முடியாதபடி பிடிக்கும்வரை அட்ஜஸ்டரை முடுக்கி, பிறகு டிரம் தடையில்லாமல் சுற்றும்வரை கிளிக் கிளிக்காகப் பின்வாங்க வேண்டும். எனக்கு மூன்று கிளிக். நடுவில் ஒரு தடவை லிவரை ஓங்கி இழுத்துவிட்டால் ஷூ நடுவுக்கு வந்து உட்காரும், பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கடைசியில்தான் கேபிள், தொய்வு போகும் அளவுக்கு மட்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்துதான் ஒரு டிரம்மைத் தின்றேன்.

ஷாஃப்டைக் கோட்டுக்குக் கோடு பொருத்தி முடுக்கி, சீலண்ட் காய ஓர் இரவு விட்டு, மறுநாள் லெவல் துளையில் எட்டிப் பார்க்கும்வரை 80டபிள்யூ-90 கியர் ஆயில் ஊற்றினேன். அதற்கு மேல் ஊற்றக் கூடாது, மிஞ்சியது மறுபடி சீலைத்தான் தேடும். கட்டைகளை எடுத்து, அதே சரிவில் ஏற்ற முகமாகவும் இறக்க முகமாகவும் நிறுத்திப் பார்த்தேன். ஐந்தாவது பல்லில் பிடித்தது. லேசாக அசைந்து, நின்றது. புது ஷூவைப் பழக்க ஓடும்போது இழுத்துப் பார்க்கலாமா என்று மச்சான் கேட்டான். இந்த வகை பிரேக்கில் வேண்டாம். வேகத்தில் இழுத்தால் அந்த அடி கிராஸிலும் ஆக்ஸிலிலும் போய் விழும்.

இரவில் வண்டிக்கு அடியில் ஒரு பெரிய அட்டையை விரித்து, கியர் பாக்ஸின் வால் எங்கே வருகிறது என்று பேனாவால் வட்டம் போட்டு வைத்தேன். காலையில் வட்டத்துக்குள் ஒன்றுமில்லை. அடுத்த நாளும் இல்லை. ஒரு வாரம் ஓட்டியபின் டிரம்மைக் கழற்றி விரலை வைத்துப் பார்த்தேன், உலர்ந்த சாம்பல் நிறத் தூசி.

ஆனால் அட்டையில், வட்டத்துக்கு வெளியே, ஒரு முழம் முன்னால், இரண்டு சொட்டு இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன். கறுப்பு, கந்தக நாற்றம் இல்லை. எஞ்சின் ஆயில். கிளட்ச் ஹவுசிங்குக்கு அடியில் இருக்கும் துளையிலிருந்து விழுகிறது. கிராங்க் ஷாஃப்டின் பின் சீல். அதற்குக் கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். இப்போதைக்கு அட்டையை மாற்றி விரித்திருக்கிறேன்.